நீலப் பீங்கானும் தமிழ்க் கல்லும்: கப்பல் தலைவர் செங் ஹோவின் வரலாறு

நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் பெரியோர் வரலாறுகள் இடம்பெறுகின்றன. காந்தியடிகளும் பாரதியாரும் காமராசரும் பலமுறை வந்துவிட்டார்கள். இராமானுசரோ நம் மண்ணிலேயே பிறந்தவர், அவரைப் பற்றி எழுத வல்லவர்கள் இங்கு நிறைய உண்டு. வரலாற்றுத் துறை மாணவனாகிய நான் இம்முறை எடுத்துக்கொண்டவர் ஒரு சீனர். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஏழு முறை கடல் கடந்து வந்தவர். கல்லில் தமிழ் பொறித்து இலங்கையில் நாட்டியவர். நீல ஓவியம் தீட்டிய வெள்ளைப் பீங்கானைக் கப்பல் கப்பலாக நம் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்தவர். செங் ஹோ என்பது அவர் பெயர். ஆனால் அது அவர் தந்தை இட்ட பெயரன்று.

அவர் 1371ஆம் ஆண்டு சீனத்தின் தென்மேற்கிலுள்ள யுன்னான் நாட்டில், குன்யாங் என்னும் ஊரில் பிறந்தார். கடலைக் காண வேண்டுமென்றால் பல நாள் நடக்க வேண்டிய மலைநாடு அது. குடும்பம் இசுலாமியக் குடும்பம். மூதாதையர் நடு ஆசியாவிலிருந்து மங்கோலியரின் ஆட்சிக் காலத்தில் வந்து குடியேறியவர்கள். தந்தையும் பாட்டனும் மெக்காவுக்குச் சென்று திரும்பிய ஹாஜிகள். பிள்ளைக்கு மா ஹோ என்று பெயர். மேற்குக் கடலையும் அரபு நாட்டையும் பற்றிய கதைகளை அச்சிறுவன் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்திருப்பான் என்று எண்ண இடமுண்டு.

அவனுக்குப் பத்து வயதானபோது வீடு அழிந்தது. மங்கோலியரை விரட்டிய மிங் வமிசத்துப் படைகள் 1381இல் யுன்னானுக்குள் நுழைந்தன. மறு ஆண்டு தந்தை இறந்தார், வயது 39. பையன் சிறைப்பட்டான். அக்காலப் போர் வழக்கப்படி சிறைப்பட்ட சிறுவர்களுள் சிலருக்கு ஆண்மை நீக்கம் செய்து அரண்மனைப் பணிக்கு அனுப்புவார்கள். மா ஹோவுக்கும் அதுவே நேர்ந்தது. ஊரையும் குலத்தையும் வருங்கால மக்கட்பேற்றையும் ஒரே அடியில் இழந்த அச்சிறுவன், பேரரசரின் நான்காம் மகனான இளவரசர் சூ தீயின் வீட்டு ஏவலாளானான். அவ்வளவில் முடிந்துபோயிருக்க வேண்டிய வாழ்க்கை அது.

இளவரசரின் இருப்பிடம் வடக்கே, இன்றைய பெய்ஜிங். எல்லைப் போர்களில் ஆண்டவனுடன் சென்று மா ஹோ போர்த்தொழில் கற்றார். நல்ல உயரம், கணீரென்ற குரல் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1399இல் இளவரசர் தம் அண்ணன் மகனாகிய பேரரசருக்கு எதிராகப் படை திரட்டினார். மூன்றாண்டுப் போர். 1402இல் தலைநகரான நான்ஜிங் வீழ்ந்தது. இளவரசர் யுங்லோ பேரரசராக அரியணை ஏறினார். போரில் உடனிருந்த பணியாளுக்கு 1404இல் செங் என்னும் குலப்பெயர் வழங்கப்பட்டது. மா ஹோ செங் ஹோ ஆனது அப்போதுதான். அண்ணன் மகனை வீழ்த்தி அரியணை பெற்ற ஒருவருக்குத் தம் ஆட்சியை உலகம் ஒப்புக்கொண்டது என்று காட்டிக்கொள்ளும் தேவை மிகுதி. அத்தேவையிலிருந்து பிறந்தவையே அந்தப் புகழ்பெற்ற கடற்பயணங்கள் என்பது என் எண்ணம்.

முதற் பயணம் 1405இல். மிங் வரலாறு தரும் கணக்குப்படி ஏறத்தாழ 27,800 பேர். பெரிய கப்பல்கள் மட்டுமே 62. அக்கப்பல்களின் நீளத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் ஓயவில்லை. ஏட்டில் உள்ள அளவை நம்ப முடியாதென்று கப்பற்கலை வல்லுநர் பலர் சொல்கிறார்கள். எவ்வாறாயினும் கொலம்பசு 1492இல் மூன்று கலங்களுடன் புறப்பட்டதை நினைத்துப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். சம்பா, சாவகம், மலாக்கா, இலங்கை வழியாக அவர்கள் சேர்ந்த துறை கள்ளிக்கோட்டை. 1407இல் திரும்பினார்கள். இரண்டாம் பயணமும் ஏறக்குறைய அதே வழிதான்.

மூன்றாம் பயணத்தில்தான் நமக்கு வேண்டிய கல் வருகிறது. காலி நகரில் 1911ஆம் ஆண்டு ஒரு பொறியாளர் சாலையோரத்து வடிகால் மூடியாகக் கிடந்த கற்பலகை ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் மூன்று மொழிகளில் எழுத்துகள்: சீனம், தமிழ், பாரசீகம். இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீன வாசகத்திலுள்ள நாள் 1409 பிப்ரவரி 15 ஆகும். கப்பல்கள் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் சீனத்தை விட்டுக் கிளம்பின. ஆகவே கல் நான்ஜிங்கிலேயே வெட்டப்பட்டுக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது என்பது அறிஞர் முடிவு. அப்படியானால் அந்தத் தமிழை எழுதித் தந்தவர் யார்? சீனத் தலைநகரில் அந்நாளில் தமிழறிந்த ஒருவர் இருந்திருக்கிறார். இது பெரிய வியப்பும் அன்று. சூவன்சௌ துறைமுகத்தில் 1281இல் தமிழர் எழுப்பிய சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் பக்கத்துக் காஞ்சியிலிருந்து பல்லவன் இராசசிம்மன் 720இல் சீனத்துக்குத் தூது அனுப்பியிருக்கிறான். எழுதியவரின் பெயர்தான் கல்லில் இல்லை.

மூன்று வாசகங்களும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று முதலில் நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீக வாசகம் இசுலாமியருக்குரியது. தமிழ் வாசகமோ தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை படைக்கிறது. தெனாவரை என்பது இலங்கையின் தென்கோடி முனையிலிருந்த திருத்தலம். அங்கு உறைந்த தெய்வத்தைத் திருமாலாக வழிபட்டார்கள். சீனப் பேரரசர் தெனாவரைப் பெருமாளின் புகழ் கேட்டு, தம் தூதர் நலமாக வந்து போவது அவர் அருளால்தான் என்று மகிழ்ந்து காணிக்கை அனுப்பியதாகத் தமிழ்ப் பகுதி கூறுகிறது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது மெய் சிலிர்க்கத்தான் செய்யும். மூன்று தெய்வங்களுக்கும் படைத்த பொருள்கள் ஏறத்தாழ ஒரே அளவின: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டுகள், வெண்கலத் தூபக்கால்கள், பூச்சாடிகள், விளக்குகள், 2,500 கட்டி வாசனை எண்ணெய். ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்ற பேச்சே இல்லை. ஹாஜியின் மகனாகப் பிறந்து, பௌத்தப் பெயரும் ஒன்று பூண்டு, கடல் தெய்வமான தியான்பெய்க்கும் கோயில் எடுத்த ஒருவரின் கைவண்ணம் இதில் தெரிகிறது.

அப்பட்டியலில் பீங்கான் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தெய்வத்துக்கு வெண்கலம், சந்தைக்குப் பீங்கான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே பயணத்தில், அதே இலங்கையில், செங் ஹோ போரும் செய்தார். சிங்களத் தலைவன் அளகக்கோனாரன் அவரை உள்நாட்டுக்கு அழைத்துவிட்டு, ஐம்பதாயிரம் பேரைக் கப்பல்களைக் கொள்ளையிட அனுப்பினானாம். திரும்பும் வழி அடைபட்டது கண்ட செங் ஹோ, படை முழுதும் வெளியே போயிருப்பதால் தலைநகர் காலியாக இருக்கும் என்று கணித்து, இரண்டாயிரம் பேருடன் நகருக்குள் புகுந்து அவனையும் குடும்பத்தையும் சிறைபிடித்தார். 1411இல் அவர்கள் நான்ஜிங் கொண்டுசெல்லப்பட்டார்கள். பேரரசர் மன்னித்து விடுவித்தார். இது சீனர் எழுதிவைத்த வரலாறு. வென்றவர் ஏட்டை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. வாசனை எண்ணெயுடன் ஒரு நாட்டுக்கு வந்தவர்கள் அந்நாட்டு மன்னனையே பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் உறுதி. பத்து வயதில் சிறைப்பட்டு அரண்மனை வாயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர், நாற்பதாம் வயதில் ஒரு குடும்பத்தை அதேபோல் கொண்டுபோய் நிறுத்தியபோது என்ன நினைத்திருப்பார்? எந்த ஏட்டிலும் அதற்கு விடை கிடையாது.

இனிப் பீங்கான். சீனத்தின் தென்பகுதியிலுள்ள ஜிங்தெசென் என்னும் ஊரில் இரண்டு வகை மண் கிடைத்தது. ஒன்று வெண்களி, மற்றொன்று இடித்துப் பொடியாக்கிய ஒருவகைக் கல். இரண்டையும் கலந்து பிசைந்து ஏறக்குறைய 1,300 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கல் உருகிக் களியோடு கண்ணாடிபோல் ஒன்றிவிடும். தட்டினால் மணியோசை, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். அந்த வெப்பத்தில் பெரும்பாலான நிறங்கள் எரிந்து மறைந்துவிடும். தப்பிப் பிழைப்பது கோபால்ட் என்னும் தாதுவின் நீலம். செம்பிலிருந்து பெறும் சிவப்பும் உண்டு, ஆனால் அதைச் சூளையில் அடக்குவது கடினம். எனவே சுடாத பச்சைப் பாண்டத்தின்மீது கோபால்ட் கரைசலால் ஓவியம் தீட்டி, அதன்மேல் மெருகுப் பூச்சு கொடுத்து, ஒரே சூட்டில் சுட்டெடுப்பார்கள். பச்சை மண் தூரிகையின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். இட்ட கோட்டை அழித்து எழுத முடியாது. மெருகு என்பது உண்மையில் மெல்லிய கண்ணாடிப் போர்வைதான். ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணாடிப் பாளங்களை வார்த்துவரும் செயிண்ட் கோபேன் ஆலையிலும், ஜிங்தெசென் சூளையிலும் உருகுவது அடிப்படையில் ஒரே பொருள், மணற்சத்து.

சீனர்களுக்கு முதலில் இந்த நீலம் பிடிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? தாங் வமிசக் காலத்திலேயே, ஒன்பதாம் நூற்றாண்டில், நீலம் தீட்டிய தட்டுகளைச் செய்து மேற்கே அனுப்பியிருக்கிறார்கள். பெலிதுங் தீவருகே மூழ்கிய அரபுக் கப்பலில் அவை கிடைத்தன. பிறகு அக்கலை ஏறத்தாழ மறைந்துபோயிற்று. சோங் காலத்துச் சுவைஞர்கள் ஒற்றை நிறப் பாண்டத்தையே போற்றினர். பதினான்காம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆட்சியில் மீண்டும் தலையெடுத்து முழு வளர்ச்சி பெற்றது. 1351ஆம் ஆண்டு என்று நாள் எழுதிய இரண்டு பெரிய சாடிகள் இன்று இலண்டனில் உள்ளன. தில்லி துக்ளக் அரண்மனை இருந்த இடத்தில் இக்காலத்து நீலத் தட்டுகளின் உடைசல்கள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஆயினும் 1388இல் எழுதப்பட்ட சீன நூலொன்று நீல ஓவியப் பாண்டங்களை மட்டமான இரசனை என்று ஒதுக்குகிறது. யுங்லோ பேரரசருக்கும் மிகவும் பிடித்தது தூய வெள்ளைதான். நீலத்தை முதலில் விரும்பி வாங்கியவர்கள் பாரசீகரும் அரபியரும். சீனத்தின் அடையாளம் என்று இன்று உலகமே கருதும் ஒரு பொருளை உருவாக்கியதில் வாங்கியவனின் ஆசைக்கும் சரிபாதி பங்குண்டு.

நீலமும் அவர்கள் நாட்டிலிருந்துதான் வந்தது. அக்காலத்துச் சிறந்த கோபால்ட் பாரசீகத்துக் காஷான் பக்கத்து மலைகளில் வெட்டியெடுக்கப்பட்டது. இரும்புச் சத்து மிகுந்தது. தூரிகை தேங்கிய இடத்தில் கரும்புள்ளியாகத் திரண்டு நிற்கும். யுங்லோ, சுவாந்தே காலத்துப் பாண்டங்களின் அழகே அந்தக் கரும்புள்ளிகள்தான் என்பார்கள். இந்த மேலை நீலத்தைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர் செங் ஹோ என்று ஒரு வழக்கு நெடுங்காலமாக உண்டு. நான் அதை அப்படியே ஏற்கமாட்டேன். செங் ஹோ பிறப்பதற்கு முன்பே மங்கோலியர் காலத்துப் பாண்டங்களில் இத்தகைய நீலம் இருக்கிறது. மேலும் பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் துறைக்கு அவருடைய கப்பல்கள் முதன்முதலாகச் சென்றது 1413இல் தொடங்கிய நான்காம் பயணத்தில்தான். அவர் செய்தது வேறு. தரைவழி வணிகம் தளர்ந்திருந்த காலத்தில் கடல்வழியைத் திறந்து வைத்தார். நீலம் உள்ளே வரவும், பாண்டம் வெளியே போகவும் அவ்வழி பயன்பட்டது. மேலை நாட்டு உலோகக் குடுவை, கெண்டி, விளக்குத் தண்டு இவற்றின் வடிவங்கள் யுங்லோ காலத்துப் பீங்கானில் திடீரென்று பெருகியது தற்செயல் அல்ல. நாம் வழங்கும் பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது என்பர். பொருள் கிழக்கிலிருந்தும் பெயர் மேற்கிலிருந்தும் வந்து நம் அடுக்களையில் சந்தித்திருக்கின்றன.

ஒரு கிண்ணம் முடிவதற்குள் 72 கைகளைக் கடக்கிறது என்று 1637இல் வெளிவந்த சீனத் தொழில்நூல் ஒன்று கணக்குச் சொல்கிறது. 1712இல் ஜிங்தெசெனைக் கண்டு எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரும் ஏறத்தாழ அதையே சொன்னார்: விளிம்புக் கோடு போடுபவன் கோடு மட்டுமே போடுவான், பூவின் வரையை இழுப்பவன் வேறு, உள்ளே நீலம் நிரப்புபவன் வேறு. சென்ற கோடை விடுமுறையில் நான் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போனேன். எனக்குக் கிடைத்த வேலை, வருகின்ற ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு திருகாணி முடுக்குவது. எட்டு மணி நேரமும் அதுவே. முழு வண்டி எப்படி இருக்கும் என்பதைச் சாலையில் போகும்போதுதான் பார்ப்பேன். ஆகவே விளிம்புக் கோட்டுக்காரனைப் பற்றிப் படித்தபோது அவன் எனக்கு அயலானாகத் தோன்றவில்லை. சுவாந்தே காலத்திலிருந்து பாண்டத்தின் அடியில் ஆறு எழுத்துகளில் பேரரசரின் ஆட்சிப் பெயரை எழுதும் வழக்கம் பரவியது. கோடு போட்டவன் பெயர் எங்கும் இல்லை. சிறு குறையுள்ள அரண்மனைப் பாண்டங்கள் வெளியே போகக்கூடாதென்று உடைத்துப் புதைக்கப்பட்டன. அந்தக் குழிகளை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோண்டியெடுத்து ஓட்டைச் சேர்த்து ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

சரக்கு எப்படி விற்றது என்பதைச் செங் ஹோவுடன் வந்த மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர் எழுதிவைத்திருக்கிறார். இலங்கை மக்கள் கஸ்தூரி, பட்டு, நீலப் பீங்கான் கிண்ணங்கள், செப்புக் காசு ஆகியவற்றை விரும்பி, மணிகளும் முத்தும் கொடுத்து வாங்கினார்கள். கொச்சியில் செட்டிகள் என்ற செல்வர் வகுப்பைக் குறிப்பிடுகிறார். கள்ளிக்கோட்டையில் விலை பேசும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. அரசு அதிகாரியும் செட்டியும் தரகரும் சீனரும் கூடி ஒவ்வொரு பொருளாக விலை தீர்ப்பார்கள். தீர்ந்ததும் எல்லோரும் கைகோத்துக்கொள்வார்கள். அதன்பின் ஏறினாலும் இறங்கினாலும் அந்த விலைதான். கணக்குக்கு மணிச்சட்டம் கிடையாது. கைகால் விரல் இருபதையும் கொண்டே கூட்டுவார்கள், இம்மியும் பிசகாது என்று வியக்கிறார். நம் முத்துக்குளித் துறைக் காயலும் செங் ஹோ சென்ற நாடுகளின் வரிசையில் இருக்கிறது. இன்று ஒரகடம் சாலையில் சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் கொள்கலன் லாரிகள் வரிசையாகப் போகும்போது, விலை எங்கோ கணிப்பொறியில் தீர்ந்திருக்கும். கைகோக்க யாரும் வருவதில்லை.

1424இல் யுங்லோ மறைந்தார். அடுத்து வந்தவர் செலவு தாங்காதென்று பயணங்களை நிறுத்தினார். 1425இல் செங் ஹோ நான்ஜிங் நகரக் காவலராக அமர்த்தப்பட்டார். கடலில் திரிந்தவருக்குக் கரையில் கிடைத்த பெரிய வேலை ஒரு கோபுரம். யுங்லோ தம் பெற்றோர் நினைவாக 1412இல் தொடங்கிய பேரருட்கோயில் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. விரைவில் முடிக்குமாறு 1428இல் செங் ஹோவுக்குப் பேரரசர் சுவாந்தே கட்டளையிட்டார். எட்டுப் பட்டை, ஒன்பது நிலை, ஏறத்தாழ 260 அடி உயரம். வெளிப்புறம் முழுதும் வெண்பீங்கான் செங்கல். பீங்கான் கோபுரம் என்று ஐரோப்பியர் அதைப் புகழ்ந்தார்கள். 1856இல் உள்நாட்டுக் கலகத்தில் அது தகர்க்கப்பட்டது.

கோபுரம் முடிந்த 1431ஆம் ஆண்டிலேயே மீண்டும் கடலுக்கு ஆணை வந்தது. அறுபது வயது. புறப்படும் முன் இரண்டு கடற்கரை ஊர்களில் கல் நாட்டி, சென்ற ஆறு பயணங்களையும் ஆண்டு வாரியாகப் பொறித்து வைத்தார். தம் செயலை யாரேனும் அழித்துவிடக்கூடும் என்ற ஐயம் இருந்ததோ என்னவோ! ஹோர்முஸ் வரை சென்ற கப்பல்கள் 1433இல் திரும்பின. தலைவர் கள்ளிக்கோட்டையில் இறந்தார் என்று ஒரு சாராரும், ஊர் திரும்பி 1435இல் இறந்தார் என்று மற்றொரு சாராரும் கூறுவர். நான்ஜிங் அருகே மாட்டுத்தலைக் குன்றில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. அதனுள் உடல் இல்லை என்பது பலர் கருத்து. சாவகத்துச் செமாராங் ஊரில் அவரைத் தெய்வமாகவே வைத்து வழிபடுகிறார்கள்.

அதே 1433இல் அரண்மனை ஜிங்தெசெனுக்கு அனுப்பிய ஆணை 4,43,500 பாண்டங்களுக்கு. கப்பல்கள் நின்றபின்னும் சூளைகள் நிற்கவில்லை. பிற்காலத்தில் தனி வணிகரும், பின்னர்ப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அப்பாண்டங்களை ஏற்றிச் சென்றார்கள். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களை வழங்கினார். நீலம் புறப்பட்ட நாட்டுக்கே அது திரும்பிப் போனது. செங் ஹோவின் பயணப் பதிவேடுகளோ அரசு ஆவணக் களரியிலிருந்து மறைந்தன. மீண்டும் ஒருவர் இத்தகைய வீண் செலவில் இறங்கிவிடக்கூடாது என்று அதிகாரி ஒருவரே அவற்றை ஒளித்தார் அல்லது எரித்தார் என்பார்கள். தெனாவரைக் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588இல் இடித்தார்கள். கல் மட்டும் எப்படியோ காலிக்கு வந்து, எழுத்து மண்ணைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்து, மேலே வண்டிகள் ஓடப் பிழைத்தது. பரணவிதான அதன் தமிழ்ப் பகுதியைப் படித்து வெளியிட்டார். பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்துவிட்டது. அதில் பல வரிகளைப் படிக்க முடியவில்லை.